சார்லஸ் பூத் வரைபடத் தளம்: விக்டோரியா கால லண்டன் தெருக்களைப் படிக்க எவ்வளவு உதவும்?

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகம் 'சார்லஸ் பூத்ஸ் லண்டன்' என்ற பெயரில் நடத்தும் தளம் முழுக்க இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். எந்தத் தெருவில் ஏழைகள், எதில் பணக்காரர்கள் என்று சார்லஸ் பூத் ஆய்வு நடத்தி நிறத்தால் காட்டி, 1898-99இல் வெளியான லண்டன் வறுமை வரைபடத்தின் 12 தாள்களையும் இன்றைய நகர வரைபடத்தின்மேல் பொருத்தி வைத்திருக்கிறார்கள். கூடவே அந்த ஆய்வுக்காகக் கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் ஒரு பெரும் பகுதியையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இந்தத் தளம் இரண்டு வகையானவர்களுக்கு உதவும். கல்லூரியில் ஆங்கில இலக்கியமோ வரலாறோ படிக்கும் பிள்ளைகள் ஒரு வகை. 19ஆம் நூற்றாண்டு லண்டன் நாவல் பாடத்தில் இருக்கும். அதில் வரும் சந்தும் கடையும் மனதில் உருவம் பிடிக்காது. பழையபேட்டை, லண்டன்பேட்டை, குமாரசாமிப்பேட்டை என்று நம் ஊர்த் தெருக்களில் யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் நடந்தது என்று எழுதி வைக்க நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்புக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வண்ண வரைபடத்தைப் பார்த்ததோடு மூடிவிட்டால் கால்வாசிப் பயன்கூடக் கிடைக்காது. உண்மையான சரக்கு அந்த நோட்டுப் புத்தகங்களில்தான் இருக்கிறது. அவற்றிலும் தெருவில் இருந்த எல்லாரும் இல்லை. விடுபட்டவர்களை வேறு இடங்களில் தேடி எடுக்க வேண்டும்.

பூத் (1840–1916) லிவர்பூலில் பிறந்த கப்பல் கம்பெனி முதலாளி. 1886இல் தொடங்கிய ஆய்வு 1903 வரை நடந்தது. முதல் சுற்றில் வீடு வீடாகப் போய்க் கேட்கவில்லை. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்கும் பள்ளி வாரியப் பணியாளர்கள் ஒவ்வொரு தெருவுக்கும் இருந்தார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டுத்தான் குடும்பங்களை வகைப்படுத்தினார்கள். ஆகவே பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீடுகளைப் பற்றி நேரடித் தகவல் குறைவு. பக்கத்து வீடுகளை வைத்துக் கணித்தது. கிழக்கு லண்டனில் 35 சதவீதம் பேர், நகரம் முழுவதும் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள் என்ற புகழ்பெற்ற கணக்கு இந்தச் சுற்றில் வந்தது. இரண்டாம் சுற்றில் முறை மாறியது. 1897 முதல் பூத்தின் உதவியாளர்கள் அந்தந்தப் பகுதிப் போலீஸ்காரரோடு தெருத் தெருவாக நடந்து பழைய நிறத்தைத் திருத்தினார்கள். தளத்தில் நாம் பார்க்கும் வரைபடம் இந்தத் திருத்திய பதிப்பு. போலீஸ்காரருக்குத் தெருவின் சண்டை தெரியும், திருட்டு தெரியும். வீட்டுக்குள் வாரக் கூலி எவ்வளவு வந்தது என்பது அதே அளவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நிறத்தைப் பார்க்கும்போது இதை மறக்கவே கூடாது.

நிறங்கள் ஏழு. கறுப்பு அடிமட்டம், அவர்களைக் குற்றப் பரம்பரை போலவே எழுதிவைத்தார்கள், அது அந்தக் காலத்து மேல்தட்டுப் பார்வை. கருநீலம் மிக ஏழை, நிலையில்லாத தினக்கூலி. வெளிர்நீலம் ஏழை, நடுத்தர அளவுக் குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங். ஊதா கலப்பு. இளஞ்சிவப்பு ஓரளவு வசதி. சிவப்பு நடுத்தர வர்க்கம், பெரும்பாலும் கடைவீதிகள். மஞ்சள் பணக்காரர். ஒரே தெருவில் இரண்டு நிறம் சேர்ந்து வந்தால் இரண்டு வகையினரும் கணிசமாக இருக்கிறார்கள் என்று பொருள். போனில் பார்த்தால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அது ஒன்றுக்காகவே கணினியில் பார்ப்பது நல்லது.

ஷில்லிங் கணக்கு பிடிபடாதவர்களுக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 1890களின் கடைசியில் நம் ரூபாய்க்கு 16 பென்ஸ். அந்தக் கணக்கில் 18 ஷில்லிங் என்பது 13 ரூபாய் 8 அணா, 21 ஷில்லிங் என்பது 15 ரூபாய் 12 அணா. இதை வைத்துக்கொண்டு லண்டன் ஏழை அன்றைய சேலம் ஜில்லாக்காரரைவிட வசதியானவர் என்று எழுதிவிட வேண்டாம். அங்கே வீட்டு வாடகை, நிலக்கரி, ரொட்டி மூன்றும் அந்தப் பணத்தைத் தின்றுவிடும்.

தளத்தைப் பயன்படுத்தும் வழி எளிது. வரைபடப் பக்கத்தைத் திறந்து தேடல் பெட்டியில் இடத்தின் பெயரைத் தட்டுங்கள். பழைய வரைபடம் மேலே வந்து உட்காரும். அதன் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்க ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைக் குறைத்தால் கீழே இன்றைய தெரு தெரியும், கூட்டினால் 1898 தெரியும். நோட்டுப் புத்தகக் குறிகளைக் காட்டச் சொன்னால் வரைபடத்தில் ஆங்காங்கே குறி தோன்றும். அதைத் தொட்டால் அந்த இடத்தைப் பற்றிய நோட்டுப் பக்கத்துக்குப் போகலாம். இணைய வேகம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் உருப்பெருக்காமல், தாள்களைத் தனித்தனிப் படமாக இறக்கி வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

தேடலில்தான் பெரிய சிக்கல். இன்றைய இடப்பெயரைத் தட்டினால் சரியாகக் கொண்டுபோய் விடுகிறது. மறைந்துபோன தெருவின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் எங்கும் போகாது. 'ஓல்ட் நிக்கல்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஷோர்டிட்ச், பெத்னல் கிரீன் எல்லையில் இருந்த அந்தக் குடிசைப் பகுதி முதல் சுற்றில் வந்த 1889 வரைபடத்தில் கறுப்பு. 1890களில் அதை இடித்துவிட்டு லண்டன் கவுன்ட்டி கவுன்சில் 'பவுண்டரி எஸ்டேட்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. 1900இல் திறப்பு விழா. ஆக 1898-99 வரைபடத்தில் போய் ஓல்ட் நிக்கலைத் தேடினால் இடிபட்ட இடத்தில் புதுத் தெருக்கள்தான் இருக்கும். அங்கே வறுமையே ஒழிந்துவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் பழைய குடித்தனக்காரர்களில் மிகச் சிலரே புது வீட்டுக்கு வந்தார்கள்; மற்றவர்கள் சுற்றுவட்டாரத் தெருக்களில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். இன்றைய பெயரான 'ஆர்னால்ட் சர்க்கஸ்' என்று தேடினால் அந்த இடத்துக்குப் போய்விடலாம். 1889 பதிப்பின் படத்தைத் தனியாக எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நோட்டுப் புத்தகங்கள். மொத்த ஆய்வுக்கு 450க்கு மேற்பட்ட நோட்டுகள் நூலகத்தில் இருக்கின்றன. தளத்தில் முதலில் திறக்க வேண்டியது போலீஸ் நடைநோட்டுகள். பூத்தின் உதவியாளர் ஜார்ஜ் டக்வொர்த் எழுதியவை எழுத்தும் ஓரளவு தெளிவு, விவரமும் நிறைய. நடந்த பாதை, கூட வந்த போலீஸ்காரர், தெருவின் இரு பக்கமும் எத்தனை மாடி, கதவு திறந்தே கிடக்கிறதா, சன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறதா, பிள்ளைகளின் உடுப்பு எப்படி, எந்தத் தொழில்காரர்கள் அதிகம் என்று வரிசையாக வரும். முடிவில் பழைய நிறம் இது, இனி இந்த நிறம் வைக்கலாம் என்று ஒரு குறிப்பு. ஒரு தெருவுக்கு நிறம் ஏன் வந்தது என்பதற்கான காரணத்தை இவ்வளவு வெளிப்படையாக வைத்திருக்கும் 19ஆம் நூற்றாண்டு ஆய்வைப் பார்ப்பது அரிது. என் கணிப்பில் தளத்தின் மொத்த மதிப்பும் இந்தப் பக்கங்களில்தான்.

குறை என்னவென்றால் இவை படங்கள், எழுத்துகள் அல்ல. 'செருப்புத் தைப்பவர்' என்று தேடி எல்லாப் பக்கங்களையும் எடுக்க முடியாது. கையெழுத்துக்குக் கண் பழக வேண்டும். தெருப் பெயர், நிறங்களின் பெயர், மாடி எண்ணிக்கை ஆகியவை திரும்பத் திரும்ப வருபவை. முதலில் அவற்றை மட்டும் அடையாளம் கண்டுகொண்டு போனால் மற்ற சொற்கள் பிறகு தானாகப் பிடிபடும். ஒவ்வொரு நோட்டுக்கும் 'பி' எழுத்தோடு ஓர் எண் உண்டு. அதையும் பக்க எண்ணையும் உடனே எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் திரும்பத் தேடுவது பெரும்பாடு.

பூத் தளத்தில் கிடைக்காதது கடைக்காரரின் பெயர். அதற்கு டைரக்டரிகள், அதாவது எந்த முகவரியில் யார், என்ன தொழில் என்று அந்தக் காலத்தில் அச்சிட்ட புத்தகங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகம் இங்கிலாந்து, வேல்ஸ் டைரக்டரிகளை இலவசமாக வைத்திருக்கிறது. லண்டன் போஸ்ட் ஆபீஸ் டைரக்டரியின் 1882 பதிப்பும் அதில் உண்டு. எடின்பரோ, கிளாஸ்கோ பற்றிப் படிப்பவர்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துக்குப் போகலாம். 1773 முதல் 1911 வரையிலான 700க்கு மேற்பட்ட டைரக்டரிகள் அங்கே கிடக்கின்றன. லண்டன் டைரக்டரியில் தெருவாரி, பெயர்வாரி, தொழில்வாரி என்று தனித்தனிப் பகுதிகள். வசதியான குடியிருப்பாளர்களுக்கு 'கோர்ட்' என்று ஒரு பகுதி. நமக்கு வேண்டியது தெருவாரிப் பகுதி. கதவு எண், பெயர், தொழில் வரிசையாக இருக்கும். குறுக்குத் தெரு வரும் இடத்தில் 'இங்கே இன்ன தெரு' என்று இடையில் ஒரு வரி. பொடி எழுத்து என்பதால் தேடல் பெட்டி பாதிப் பெயர்களைக் கோட்டைவிடும். அகரவரிசைப்படி தெருவின் பக்கத்தைத் திருப்பிப் போய்க் கண்ணால் படிப்பதே நம்பகமான வழி.

கதவு எண் 14க்குப் பிறகு 20 வந்தால் நடுவில் வீடு காலி என்று நினைக்கக் கூடாது. அங்கே கூலிக்காரக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக இருந்திருக்கும். டைரக்டரி அச்சடித்தவர்களுக்கு அவர்கள் வாடிக்கை இல்லை, அதனால் பெயர் இல்லை. பின்சந்துகள் பலவும் அப்படியே விடுபடும். இன்னொன்று, 1882 பதிப்பில் இருப்பது 1881 கடைசியில் சேகரித்த விவரம். எப்போதும் ஒரு வருடம் பின்னால் வைத்துப் படிக்க வேண்டும்.

தொழில் பெயர்களில் ஏமாறுவது எளிது. 'ஆயில்மேன்' செக்கு ஆட்டுபவர் அல்ல. விளக்கெரிக்கும் எண்ணெய் வகைகள், மெழுகுவத்தி, சோப்பு, பெயின்ட், ஊறுகாய் விற்கும் கடைக்காரர். 'சாண்ட்லர்ஸ் ஷாப்' என்பது ரொட்டி, சீஸ், விறகு எல்லாவற்றையும் அரைப் பென்னி, ஒரு பென்னி அளவில் கொடுக்கும் சில்லறைக் கடை. அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு வாங்கும் வீடுகள் சுற்றிலும் இருந்தால்தான் அது பிழைக்கும். ஆகவே ஒரே தெருவில் இப்படி மூன்று கடை தென்பட்டால் வரைபடத்தில் அந்தப் பக்கம் நீலமா என்று பாருங்கள். 'மரைன் ஸ்டோர் டீலர்' கப்பல் சாமான் விற்பவர் போலத் தெரியும். பெரும்பாலும் பழைய இரும்பு, கந்தல், எலும்பு, பாட்டில் வாங்கும் கடை. 'கௌகீப்பர்' நகரத்துக்குள்ளேயே கொட்டகையில் மாடு கட்டிப் பால் கறந்து விற்றவர். 1865-66இல் வந்த மாட்டுக் கொள்ளைநோயில் லண்டன் கொட்டகைகள் பல காலியாகிவிட, ரயிலில் வரும் கிராமத்துப் பால் அந்த இடத்தைப் பிடித்தது. 1860க்கும் 1882க்கும் டைரக்டரியை ஒப்பிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கடை இல்லாதவர்கள் டைரக்டரியில் கிடையாது. தள்ளுவண்டியில் பழமும் மீனும் விற்ற காஸ்டர்மாங்கர், தெருமுனையில் குதிரைச் சாணத்தைப் பெருக்கிப் பாதசாரிக்கு வழி விட்ட கிராஸிங் ஸ்வீப்பர், இவர்களுக்குக் கதவு எண் ஏது? 1871 சட்டப்படி தெருத்தெருவாய் விற்பவர் போலீஸிடம் 5 ஷில்லிங் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆனால் காய்கறி, மீன், பழம், தின்பண்டம் விற்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் அந்தப் பதிவேட்டிலும் காஸ்டர்மாங்கர் சிக்கமாட்டார். 1849-50இல் ஹென்றி மேஹ்யூ 'மார்னிங் கிரானிக்கிள்' பத்திரிகைக்காக இவர்களைப் பேட்டி கண்டது அரிய பதிவு. இன்னொரு வழி 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்'. ஓல்ட் பெய்லி என்ற லண்டன் நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த குற்றவியல் விசாரணைகள் இலவசமாக, எழுத்து வடிவிலேயே தேடக் கிடைக்கின்றன. சாட்சி சொல்ல வந்தவர் தன் தொழிலையும் தெருவையும் முதலிலேயே சொல்லிவிடுவார். எத்தனை மணிக்கு எங்கே வண்டி நிறுத்தினார் என்பதுகூட வரும். தெருப் பெயரைத் தட்டித் தேடுங்கள்.

வீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பதற்கு சென்சஸ். 1841 முதல் பெயர் உண்டு, ஆனால் அந்த ஆண்டு மட்டும் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதினார்கள்; 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851 முதல் உறவு, பிறந்த ஊர் வருகின்றன. 1881இல் ஏப்ரல் 3, ஞாயிறு இரவு அந்த வீட்டில் தூங்கியவர்கள்தான் கணக்கு. இரவு வேலைக்கு வெளியே போனவர்கள் தொடர்பாகக் குழப்பம் வரும். பெயர்களுக்கு இடையே ஒற்றைச் சாய்கோடு இருந்தால் அடுத்த குடும்பம், இரட்டைச் சாய்கோடு இருந்தால் அடுத்த வீடு. இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு வீட்டின் நான்கு குடும்பங்களும் ஒரே குடும்பமாகிவிடும்.

சென்சஸின் மிகப் பெரிய ஓட்டை பெண்களின் தொழில். மனைவியின் பெயருக்கு நேரே கட்டம் காலியாகவே கிடக்கும். கிழக்கு லண்டனில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; 144 பெட்டிக்கு இரண்டேகால் பென்ஸ் கூலி, பசையும் கட்டும் நூலும் அவர்கள் செலவு. நம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டையும் நாரும் எடுத்துக் கொடுக்கும் பெண்களை எந்தக் கடைப் பலகையும் சொல்லாதது மாதிரிதான் இதுவும். காலிக் கட்டத்தை 'வேலை இல்லை' என்று எண்ணிவிட்டால் தெருவின் பாதி வருமானத்தைக் காணோம்.

1881 சென்சஸின் எழுத்துப்பெயர்ப்பு 'ஃபேமிலிசர்ச்' தளத்தில் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்கப் பெரும்பாலும் கட்டணத் தளம்தான். ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். இலவச எழுத்துப்பெயர்ப்பிலிருந்தே கட்டு எண், தாள் எண், பக்க எண் மூன்றையும் பட்டியலிட்டுக்கொண்டு ஒரு மாதச் சந்தாவில் எல்லாப் பக்கத்தையும் இறக்கிவிடலாம்.

மூன்றையும் சேர்க்கும்போது ஆண்டுகள் பொருந்த வேண்டும். 1881 சென்சஸோடு 1882 டைரக்டரி சரியான ஜோடி. பூத் வரைபடத்துக்கு 1901 சென்சஸ் பக்கத்தில் வரும். கதவு எண்ணை மட்டும் நம்பி இணைக்கக் கூடாது. 1855க்குப் பிறகு மெட்ரோபாலிட்டன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ், 1889 முதல் கவுன்ட்டி கவுன்சில் என்று தெருப் பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பழைய எண்கள் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கும். புது முறையில் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். மூலையிலுள்ள மதுக்கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் மாறினாலும் கடைப் பெயர் பெரும்பாலும் மாறாது. அங்கிருந்து குறுக்குத் தெருவரை வீடுகளை எண்ணி வந்தால் சரியாகிவிடும். கட்டடத்தின் உருவம் வேண்டுமானால் ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்திலேயே 1893-96 லண்டன் சர்வே தாள்கள் உள்ளன. பூத் வரைபடத்தில் ஒரு அங்குலம் 880 அடி. இதில் ஒரு அங்குலம் 88 அடி. பின்கொட்டகையும் சந்தின் அகலமும் தெரிந்துவிடும்.

இதே வேலையைக் கிருஷ்ணகிரியில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1881இல் இங்கேயும் சென்சஸ் எடுத்தார்கள். ஆனால் வீட்டுவாரிப் படிவங்களைத் தொகுத்தபின் வைத்திருக்கவில்லை. ஆகவே பெயர் கிடைக்காது. அதற்குப் பதில் நம்மிடம் பழைய கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. செக்குபந்தி விவரத்தில் 'இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு' என்று அண்டை வீட்டாரின் பெயர் வரும். ஒரே தெருவின் பத்துப் பத்திரம் கிடைத்தால் வீட்டு வரிசையை ஒட்டவைத்துவிடலாம். இணையத்தில் வரும் வில்லங்கம் பிற்காலத்துக்குத்தான். பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுத் தேட வேண்டும், அல்லது வீட்டுக்காரர்களின் பெட்டியில் இருக்கும் மூலப் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் பின்னால் போனால், 1792 உடன்படிக்கையில் பாராமகால் என்ற நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபின் அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் எழுதிய பாராமகால் ஆவணங்கள் உண்டு. குடிமக்கள், விளைபொருள், வரிகள் என்று பகுதி பகுதியாக அச்சாகியிருக்கின்றன. தறி, செக்கு, கடை ஆகியவற்றுக்கு விதித்த மொதுர்பா வரி பற்றிய பக்கங்களில் தொழில்கள் தெரியும்.

இன்றைய தெருவைப் பதிவு செய்வதற்குப் பூத் வரைபடத்தை அல்ல, டக்வொர்த்தின் நோட்டைப் பின்பற்றுங்கள். வீட்டுக்கு நிறம் பூசிப் பொதுவில் போட்டால் அங்கே குடியிருப்பவர்களுக்கு அது அவமானம். அவர்கள் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார்கள். கதவு எண், தரைத்தளத் தொழில், மாடித் தொழில், பலகை உண்டா இல்லையா, எத்தனை வருடமாக, முன்பு அங்கே என்ன இருந்தது என்று ஆறு கட்டம் போதும். ஏழாவது கட்டம் நேரத்துக்கு. விடிகாலைப் பூக்கடை ஒன்பது மணிக்கு இருக்காது, சாயங்கால போண்டாக் கடைக்கு மதியம் சுவடே இருக்காது. ஒரே தெருவை விடியலில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை, சந்தை நாளில் தனியாக ஒருமுறை நடந்து எழுத வேண்டும்.